காணியில்லாத சிறந்த விவசாயி

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறிக்கையிலிருந்து கிடைத்தது. காதல் கதை எழுதுகிற ஒருத்தி இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். என் கதைகள் பொதுவாகக் கலியாண வீடுகளில் கிடைக்கும். அல்லது மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், யாரோ ஒரு பெண் கைபேசியில் அழுவதைக் கேட்டுக் கிடைக்கும். அட்டவணையிலிருந்து கதை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

காத்தான்குடி நிஸ்றா என் நாவல்களை வாசிக்கிற பிள்ளை. விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறாள். (திட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். அதில் ஒன்பது சொற்கள் இருந்தன. எது பெயர், எது அடைமொழி என்று எனக்கே தெரியவில்லை.) ஒருநாள் பின்னேரம் ஒரு கோப்போடு வந்தாள்.

"டீச்சர், அச்சுக்குப் போக முந்தி இதில தமிழ ஒருக்காத் திருத்தித் தாங்க."

நான் டீச்சர் இல்லை. எங்கள் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு பேனை பிடிக்கிற பெண்கள் எல்லோரும் டீச்சர்தான்.

சிறு அளவிலான மரக்கறிச் செய்கையில் ஆண்களும் பெண்களும் பெறும் இலாப வேறுபாடு பற்றிய அறிக்கை அது. பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது:

பெண் விவசாயிகள்: ஐவர். சராசரிக் காணி: கால் ஏக்கர். இலாபம்: இல்லை, ஐவரும் நட்டம்.

ஆண் விவசாயி: ஒருவர். காணி: இல்லை. இலாபம்: பிரதேசத்திலேயே மிக உயர்ந்தது.

அதற்குக் கீழே பரிந்துரை: "மேற்படி பெண்கள், மேற்படி ஆண் விவசாயியிடம் செய்கை நுட்பங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்."

"நிஸ்றா, காணி இல்லாம எப்பிடிப் புள்ள கத்தரி முளைக்கும்? பிழையா எழுதியிருக்கீங்க."

"பிழையெண்டா நான் நிம்மதியாப் படுப்பன் டீச்சர்" என்றாள் அவள். "எல்லாம் உண்ம. அதுதான் பிரச்சின."

அன்றைக்கு நான் தமிழைத் திருத்தவில்லை. அடுத்த நாள் பெரியகல்லாற்றுப் பக்கம் பஸ் ஏறினேன்.

2

தொடக்கங்கள். எழுதி எழுதி நிறுத்தியவற்றை எறிந்துவிட மனமில்லாததால் இங்கேயே வைக்கிறேன்.

முதலாவது: "வாவியின் மேல் காலை வெயில் பட்டுச் சேலையாக விரிந்தபோது, சீதேவிப்பிள்ளை தன் ஈரக் கூந்தலை—"

[நிறுத்தினேன். வாவி அவளுடைய தோட்டத்துக்கு மேற்கே இருக்கிறது. காலையில் அவள் கிழக்குப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவாள். நாற்பத்தாறு வயதில் அவள் வாவியை நின்று பார்த்தது எத்தனை தரம் என்று கேட்டேன். "மனிசன் தோணியோட திரும்பி வரப் பிந்தினாப் பாப்பன்" என்றாள்.]

இரண்டாவது: "ரதீஸின் கணீரென்ற குரல் காதில் விழுந்ததும் அவளுடைய நெஞ்சில் ஏதோ—"

[இதையும் நிறுத்தினேன். அவன் அவளைவிடப் பதினேழு வயது இளையவன்; அக்கா என்று கூப்பிடுகிறவன். ஆனால் அந்தக் குரல் கதைக்குத் தேவை. பிறகு வரும்.]

மூன்றாவது: "மணல்." ஒரே சொல். இதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இலக்கியக்காரர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் என் வாசகிகள் ஒரு சொல் வாக்கியத்தைக் கண்டால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே கதைக்குள் போய்விடுகிறேன்.

3

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு நிலம். அதில், அறிக்கையின் ஐந்து பெண்களில் ஒருத்தியான சீதேவிப்பிள்ளைக்குக் கால் ஏக்கர் மணல் காணி, ஒரு கிணறு, இரண்டு பூவாளி. மணலுக்குத் தண்ணீர் ஒருபோதும் போதாது. காலையில் முப்பது நடை, பின்னேரம் முப்பது நடை. ஒவ்வொரு நடைக்கும் இரண்டு கையிலும் நிறைந்த பூவாளி. வலது தோள் இப்போது ஒசக்க எழும்புவதில்லை. தலை வாருவதற்கு மகளைக் கூப்பிடுகிறாள். கிளினிக்கில் டொக்டர் சொன்னது: அடுத்த போகத்துக்குள் பூவாளி தூக்குவதை நிறுத்தாவிட்டால் பிறகு கரண்டியும் தூக்க முடியாது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கிணற்றுக்கு ஒரு சோலர் பம்பு. நிஸ்றாவின் திட்டத்திடம் அந்தப் பிரதேசத்துக்கென்று ஒரே ஒரு பம்பு இருந்தது. மிகக் கூடிய இலாபம் எடுக்கும் விவசாயிக்கு அது பரிசு.

இந்தக் கதையில் எல்லாம் அந்தப் பம்பைத்தான் சுற்றுகிறது. நான் நடுவில் காதல், கோபம் என்று எங்கே போனாலும் நீங்கள் பம்பை மறக்க வேண்டாம். அவள் மறக்கவில்லை.

அவளுடைய கத்தரி நல்ல கத்தரி. சந்தையில் கமிஷன் கடை முதலாளி அதற்குக் கிலோ நூற்றி முப்பது போடுவார். அவளுக்குப் பின்னால் நிற்கும் ஆணுக்கு, அதே நாள் செடியிலிருந்து ஆய்ந்த அதே இனக் கத்தரிக்கு, நூற்றி எழுபது. (எந்தச் சந்தை என்று கேட்காதீர்கள். நானும் அங்கேதான் மரக்கறி வாங்குகிறேன்.)

"ஏன் முதலாளி இப்பிடி?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"அவருக்குக் குடும்பம் இரிக்கி தங்கச்சி" என்றாராம் அவர்.

"எனக்கும் இரிக்கி."

"ஓம், உங்கட குடும்பத்தப் பாக்க உங்கட மனிசன் இரிக்கார் தானே."

அந்த மனிசனையே அனுப்பினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. நல்லரத்தினம் வாவியில் மீன் பிடிக்கிறவர், தங்கமான மனிதர். அவருடைய பிரச்சினையே அந்தத் தங்கம்தான். நாற்பது கிலோ கொண்டுபோனவர் நூற்றிப் பத்துக்கு விற்றுவிட்டு வந்தார்.

"நூத்திப் பத்துக்கா குடுத்தீங்க?"

"அவர்ட மகளுக்குச் சோதினையாம் புள்ள. ரியூசனுக்குக் கட்டோணுமாம்."

"எங்கட மகளுக்கும் சோதினதானே!"

"அத நான் அவருக்கிட்டச் சொல்லல்ல. பாவம், கவலப்படுவார்."

[இந்த இடத்தில் அறிக்கைக்கு ஒரு சிக்கல். ஆணாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நாற்பது ரூபாயை வாங்கித் தருகிற ஆணாகவும் இருக்க வேண்டும். இதற்கு நிஸ்றாவின் படிவத்தில் கட்டம் இல்லை. என் காதல் கதைகளிலும் இல்லை. என் கதாநாயகர்கள் எல்லோரும் நல்லரத்தினங்கள்.]

4

இப்போது குரல் வருகிறது.

ரதீஸ் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வைத்திருக்கிறான். கோயில் திருவிழா, சிரமதானம், காணாமல் போன மாடு, எல்லாம் அறிவிப்பான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மரண அறிவித்தல். பத்து ஊருக்கு அவன்தான். அவன் வாயைத் திறந்தாலே தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். கமிஷன் கடை முதலாளியின் தகப்பன் இறந்ததைக்கூட அவன்தான் மூன்று ஊருக்குச் சொன்னான்.

சீதேவிப்பிள்ளை அவனைச் சந்தைக்கு வாடகைக்குப் பிடித்தாள். ஒரு நடைக்கு ஐந்நூறு ரூபாயும் பெற்றோல் காசும்.

"நீ ஒண்டும் கதைக்கத் தேவல்ல. நான் சாக்குக்குப் பின்னால நிப்பன். அவர் வில சொன்னா, 'அந்த விலைக்குக் குடுக்க ஏலாது' எண்டு மட்டும் சொல்லு."

"வேறென்னவும் கேட்டா அக்கா?"

"அதையே சொல்லு."

"சாப்பிட்டயா எண்டு கேட்டா?"

"அதுக்கு ஓம் எண்டு சொல்லுடா."

முதல் நாள். முதலாளி கத்தரியைக் கையில் உருட்டிப் பார்த்து, நூற்றி முப்பது என்றார். ரதீஸ் தன் வழக்கமான குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, மறைந்தவரின் பெயரைச் சொல்வது போலச் சொன்னான்: "அந்த. விலைக்குக். குடுக்க. ஏலாது."

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். நூற்றி எழுபது என்று சொன்னது தன்னுடைய வாய்தானா என்று முதலாளிக்கே சந்தேகமாக இருந்ததாம்.

சாக்குக்குப் பின்னால் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

[என்னைப் பற்றி ஒரு குறிப்பு, பிறகு நீக்கிவிடலாம். என் முதல் நாவலை அச்சிடக் கேட்ட தொகையில், என் கணவர் போன் எடுத்த பிறகு பன்னிரண்டாயிரம் குறைந்தது. அவர் "வணக்கம், நான் அவட மனிசன்" என்று மட்டும்தான் சொன்னார். அந்த நாவலை அவர் இன்னும் வாசிக்கவில்லை.]

5

இங்கே நான் ஒரு முக்கோணக் காதலுக்கு ஆயத்தமானேன். கணவன், மனைவி, வாடகைக் குரல். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்; கை தானாகப் போனது. நல்லரத்தினத்தைத் தனியே பிடித்து, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்:

"ரதீஸ் அவவோட சந்தைக்குப் போறான். உங்களுக்குக் கோவம் வரல்லயா?"

"வந்திச்சு."

"சொல்லுங்க."

"அவன் என்ட சேட்டப் போட்டுக்குப் போறான் டீச்சர்."

வசதியான விவசாயி போலத் தெரிய வேண்டுமென்று அவளே எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை அது. மகள் புத்தாண்டுக்கு வாங்கிக் கொடுத்தது.

"வேறொண்டுக்கும் கோவமில்லயா?"

அவர் நன்றாக யோசித்தார். "கொலருக்குப் பவுடர் பூசுறான். துவைச்சாலும் போகுதில்ல."

பேனையை மூடினேன். இந்தக் கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரை நீக்கிவிட்டு ஒரு பொறாமைக்காரக் கணவரைப் போடலாம் என்று யோசித்தேன். பாதிப் பக்கம் எழுதியும் பார்த்தேன். அந்தப் புதுக் கணவர் வந்தவுடன் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். தோட்டத்தில் கத்தரி ஆய்வதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. நல்லரத்தினத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் கோபிக்காமல் வந்தார்.

6

விசயம் பரவியது. முதலில் பக்கத்து ஊர் பஹீமா வந்தாள். சீதேவிப்பிள்ளையின் பழைய சிநேகிதி, பாகல் போடுகிறவள். இன்னும் மூவர் சேர்ந்தார்கள். ஐந்து தோட்டத்து மரக்கறி ஒரே ஓட்டோவில் ஏறியது. மூன்றே மாதத்தில் சந்தையில் ரதீஸ் பெரிய விவசாயி. அவன் வந்தால் கதிரை போட்டார்கள்.

முதலாளி அவனிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கினார்.

"தம்பி, வெண்டிக்கு என்ன பசள போடுறீங்க?"

ரதீஸ் சாக்குப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து சமிக்ஞை ஒன்றும் வரவில்லை.

"அதச் சொல்ல ஏலாது" என்றான்.

பரம ரகசியம் என்று நினைத்த முதலாளி வெண்டிக்குப் பத்து ரூபாய் கூட்டினார்.

அப்போதுதான் நிஸ்றா கையில் டெப் என்கிற பலகைக் கணினியோடு கணக்கெடுக்க வந்தாள். பெண்களிடம் கேட்டாள்: விதைக்கு எவ்வளவு செலவு? பசளைக்கு? கிருமிநாசினிக்கு? எல்லாம் சொன்னார்கள். சந்தையில் விற்றது யார்? ரதீஸ், என்றார்கள். உண்மையும் அதுதான். ரதீஸிடம் கேட்டாள்: என்னென்ன விற்கிறீர்கள்? கத்தரி, வெண்டி, பாகல், பயித்தை. உங்களுடைய செலவு? பெற்றோல். காணி? இல்லை.

டெப் கூட்டிக் கழித்தது. செலவெல்லாம் பெண்களுக்கு, வரவெல்லாம் ரதீஸுக்கு. வாங்கிய காசை அன்றைக்கே அவன் ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுப்பதை எழுத அதில் இடமில்லை. நிஸ்றா விளங்கிக்கொண்டு தலையில் கைவைத்தபோது, கணக்கு டெப்பிலிருந்தே மேலிடத்துக்குப் போய்விட்டது; அறிக்கை அச்சாவதுதான் மிச்சம். அவர்கள் மகிழ்ந்து, பம்பை ரதீஸின் பெயருக்கு எழுதியும் விட்டார்கள்.

பரிசுக்கு முன் பயிற்சி. பரிந்துரை நினைவிருக்கிறதா? ஐந்து பெண்களுக்கும் ரதீஸ் செய்கை கற்றுக் கொடுக்க வேண்டும். இடம்: சீதேவிப்பிள்ளையின் தோட்டம். மேலதிகாரி ஒருவர் குறிப்பெடுக்க வந்திருந்தார்.

ரதீஸ் நீலச் சட்டையோடு பாத்திக்கு நடுவில் நின்றான். ஒரு செடியைத் தொட்டான்.

"இது..."

"வெண்டி" என்றாள் பஹீமா பின்னாலிருந்து, இருமுவது போல.

"இது. வெண்டி."

அதிகாரி எழுதிக்கொண்டார். "எத்தன நாளைக்கு ஒருக்காத் தண்ணி?"

"தண்ணி ஊத்தோணும்."

"எவ்வளவு?"

"போதுமான அளவு."

அந்தக் குரலில் கேட்டபோது அதிகாரிக்குக் கண் கலங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். "செய்து காட்டுங்க" என்றார் அதிகாரி.

ரதீஸ் இரண்டு பூவாளியையும் நிறைத்துத் தூக்கினான். முதல் நடை. இரண்டாவது நடை. ஐந்தாவது நடையில் மணலில் உட்கார்ந்துவிட்டான். அதிகாரி தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், தன் சொந்தக் குரலில் (அவனுக்கு அப்படியொரு மெல்லிய குரல் இருப்பது யாருக்கும் தெரியாது) கேட்டான்:

"அக்கா, ஒவ்வொரு நாளும் இத எத்தின நட?"

"அறுவது."

அவன் தன் சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"இந்தப் பம்பு எனக்கு வேணாங்கா. உங்கட கிணத்திலதான் பூட்டோணும்."

7

அவன் மனமாரச் சொன்னான். ஆனால் திட்டத்துக்கு விதி இருந்தது: பரிசு பெறுகிறவரின் காணியில்தான் பம்பு பூட்டலாம். ரதீஸுக்குக் காணி இல்லை. அதற்கு அதிகாரி வழி சொன்னார். சீதேவிப்பிள்ளை தன் கால் ஏக்கரை ரதீஸுக்குப் பத்து வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தால் போதும். பம்பு அவளுடைய கிணற்றிலேயே நிற்கும். கடுதாசியில் மட்டும் தோட்டம் அவனுடையது. அவள் அங்கே வேலை செய்கிறவள்.

இங்கே நான் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சீதேவிப்பிள்ளையின் காணி உறுதிப் பத்திரங்களை நான் பார்த்தேன். ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் நான்கு உறுதிகள், நான்கிலும் பெண் பெயர். அந்த மணலில் இதுவரை எந்த ஆணின் பெயரும் ஏறியதில்லை. மண் பெண்ணுடையது, தண்ணீரும் பெண் ஊற்றியது. தராசுக்கு முன்னால் நிற்கும் பதினைந்து நிமிடம்தான் ஆணுடையது. அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது வளைந்து வந்து மண்ணையே கேட்டது.

நல்லரத்தினம் அன்றைக்குத்தான் கோபப்பட்டார். நான் அங்கேயே இருந்தேன். பேனையைத் திறக்கவில்லை.

"இருவத்திரெண்டு வருசம் இந்தக் காணியில இருக்கன்" என்றார். "என்ட பேர் ஒரு துண்டிலயும் இல்ல. நான் ஒருநாளும் கேக்கல்ல. கேக்கோணுமெண்டு நினைக்கவுமில்ல. அவன் மூணு மாசம் சேட்டுப் போட்டான், அவனுக்குப் பத்து வருசமா?"

"உங்கட பேர எழுத ஏலாதெண்டு அவங்க சொல்றாங்க. வித்தவன்ட பேர்தான் வேணுமாம்."

"நானும் வித்தனே புள்ள!"

"நூத்திப் பத்துக்கு வித்தீங்க."

அவர் எழும்பினார். பிறகு கிணற்றடிக்குப் போய் இரண்டு பூவாளியையும் நிறைத்து, அவளுடைய பின்னேர முப்பது நடையையும் தானே நடந்தார். இருட்டுமுன் முடிக்க முடியாமல் கடைசி ஆறு நடை அவள் நடந்தாள்.

[இருபது வருடத்தில் நான் எழுதிய காதல் காட்சிகளில் இது சிறந்ததாக இருக்கலாம். இதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.]

8

முடிவுகள்.

அ. அவள் கையெழுத்து வைக்கிறாள். பம்பு ஓடுகிறது, தோள் பிழைக்கிறது, சந்தையில் நூற்றி எழுபதும் நிற்கிறது. பிஸ்கட் தகரத்துக்குள் ஐந்தாவது கடுதாசி, ரதீஸின் பெயரோடு. நல்லரத்தினம் நீலச் சட்டையைத் திரும்பக் கேட்பதில்லை.

ஆ. நிஸ்றா சொன்ன வழி. பரிசளிப்பு நாளில் மேலதிகாரிக்கு முன்னால் சீதேவிப்பிள்ளை எழும்பி, "வித்தது நான். ரதீஸ் என்ட கூலிக்கு வந்தவன்" என்று சொன்னால், நிஸ்றா அந்த இடத்திலேயே டெப்பைத் திருத்திவிடுவாள். பம்பு அவளுடைய பெயருக்கு வரும். ஆனால் முன்வரிசையில் விசேட அதிதியாகக் கமிஷன் கடை முதலாளி உட்கார்ந்திருப்பார். அடுத்த நாளே விலை நூற்றி முப்பது. அவளுக்கு மட்டுமல்ல, ஐந்து பேருக்கும்.

"நீ சொன்னா நான் கோவிக்கமாட்டன்கா" என்று பஹீமா அவளிடம் சொன்னாள். "ஆனா ரெண்டு கிழமைக்கு ஒன்னோட கதைக்கவும் மாட்டன்."

இ. இது நான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. சீதேவிப்பிள்ளை தோட்டத்து வாசலிலேயே கத்தரியை ரதீஸுக்கு விற்கட்டும், நூற்றி அறுபத்தைந்துக்கு! அப்போது விற்றவர் அவள்; இலாபம் அவளுக்கு; பம்பும் அவளுக்கு. ரதீஸ் வாங்கி விற்கிற வியாபாரி. முதலாளிக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை. யாருக்கும் பொய் இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கே ஒத்திகை பார்த்தோம். சாக்கு வாசலில். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ரதீஸ்.

"கிலோ நூத்தி அறுவத்தஞ்சு" என்றாள் அவள்.

ரதீஸ் கத்தரியை எடுத்து உருட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது.

"அந்த விலைக்கு வாங்க ஏலாது" என்றான்.

"டேய்!"

"நூத்தி முப்பது."

"ரதீஸ்!"

அவன் திடுக்கிட்டு விழித்தான். "அக்கா, சத்தியமா நான் வேணுமெண்டு சொல்லல்ல. இந்தப் பக்கத்தில நிண்டா அப்பிடித்தான் வாயில வருது."

மூன்று தரம் ஒத்திகை பார்த்தோம். மூன்று தரமும் அவனுக்கு நூற்றி முப்பதுதான் வந்தது. கடைசியில் நல்லரத்தினத்தை வாங்குகிறவராக நிறுத்தினோம். அவர் நூற்றித் தொண்ணூறு கொடுத்தார்.

9

பரிசளிப்பு நாள், பிரதேசத்துப் பல்தேவைக் கட்டடம். நான் நாலாம் வரிசை. முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் அவருடைய மனைவி. மேசையில் குத்தகைக் கடுதாசி. பம்பு ஒரு பெட்டிக்குள், சிவப்பு நாடாவோடு. நிஸ்றா டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "சிறந்த விவசாயி" என்று கூப்பிட்டார்கள். ரதீஸ் எழும்பி, நடக்காமல் நின்றான். பிறகு காணிக்காரியைக் கூப்பிட்டார்கள். சீதேவிப்பிள்ளை மேடைக்குப் போனாள். அதிகாரி பேனையை நீட்டினார். அவள் வலது கையால் வாங்க முயன்று, தோள் எழும்பாமல், இடது கையால் வாங்கிக்கொண்டாள். மைக் அவளுக்கு அரை முழத் தூரத்தில் இருந்தது. நல்லரத்தினம் தன் கதிரையிலிருந்து எழும்பி—

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு அனுமதி இல்லை.]

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எழுதுங்க. பேர மாத்துங்க. மரக்கறியையும் மாத்திப் போடுங்க. ஆனா இண்டைக்கு நடந்தத மட்டும் எழுதாதீங்க. முதலாளிட பொஞ்சாதி உங்கட கதை ஒண்டும் விடாம வாசிக்கிறவ."

"அப்ப மற்றதெல்லாம் வாசிப்பாவே?"

"அத அவ கதையெண்டு நினைப்பா. முடிவிலதானே நீங்க உண்மையச் சொல்றீங்க."

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சனம் செய்ததில்லை.

"மறுகா, நீங்க எப்பயும் கலியாணத்திலதானே முடிக்கிறது" என்றாள், பஸ்ஸில் ஏறியபடி. "இதில ஆருக்கு ஆரக் கட்டி வைக்கப் போறீங்க?"

10

ஆகவே பேரை மாற்றினேன். மரக்கறியையும் மாற்றினேன், கத்தரி என்று நீங்கள் வாசித்த இடத்திலெல்லாம் வேறொன்று இருந்தது. முடிவை எழுதவில்லை. கட்டி வைப்பதற்கும் ஆள் இல்லை. இருக்கிற இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே கட்டிக்கொண்டவர்கள்.

முதலாளியின் மனைவி அவர்களே, நீங்கள் இதை வாசித்தால், எல்லாம் கற்பனை. ஆனால் இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, உங்கள் வீட்டுச் செலவுக் காசை உங்கள் கையில் அவர் எண்ணித் தரும் நேரத்தில், ஏதாவது கேட்கத் தோன்றினால் கேளுங்கள். நான் உங்களைத் தடுக்கவில்லை.

மற்றவர்களுக்கு: என் கதைக்குள் சீதேவிப்பிள்ளை இன்னும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறாள். கடுதாசியும் மைக்கும் இரண்டு பக்கத்திலும் எட்டுகிற தூரத்தில். கீழே ஒருவர் பாதி எழும்பியபடி. இதற்குமேல் நீங்கள்தான் எழுத வேண்டும். என்னால் முடியாதது உங்களால் முடியலாம். அ, ஆ, இ மூன்றையும் விடச் சிறந்த ஒன்று உங்களிடம் இருக்கலாம். அவசரப்பட்டு எழுதுங்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும். இதை வாசித்து முடிக்க உங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். நீங்கள் முடிவை எழுதும்வரை பெட்டிக்குள்ளிருக்கும் பம்பு யாருக்கும் இல்லை. கத்தரிக்கோ தண்ணீர் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் அவள் எட்டு நடை போய் வந்துவிட்டாள். நீங்கள் யோசிக்கத் தொடங்கியதும் ஒன்பதாவது நடைக்குக் கிணற்றடியில் குனிந்திருக்கிறாள்.